லீவு வண்டியைக் காணோம்

அத்தியாயம் 4

துபாயில் பாஸ்போர்ட் காணாமல் போகும். பர்ஸ் காணாமல் போகும். வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்ட், ஏர்போர்ட் வாசலிலேயே காணாமல் போவான். இதெல்லாம் சாதிக் பாட்ஷாவுக்குப் பழகிப்போன சங்கதிகள். கட்டில், கேஸ் அடுப்பு, சாமி படம், நூற்றிருபது போர்வை, இரண்டு பெட்டி கோடாலித் தைலம் சகிதமாக ஒரு வீடே நாலு சக்கரத்தில் கிளம்பிப் போய்விட்டது என்று ஒரு மனிதர் வந்து நிற்பது மட்டும் அவருடைய சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை.

போனது திங்கட்கிழமை காலை. இன்றைக்குப் புதன், மணி பதினொன்று. துப்பு கூடக் கிடைக்கவில்லை.

சாதிக் பாட்ஷாவின் கடை பர் துபாயில், கோயிலுக்குப் போகிற சந்திலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. வாசல் பலகையில் டைப்பிங் சென்டர் என்றுதான் எழுதியிருக்கும். விசா பாரம் தட்டித் தருவது பலகையில் உள்ள தொழில். தொலைந்ததைத் தேடித் தருவது பலகையில் இல்லாத தொழில். கீழக்கரைக்காரர், வயது ஐம்பத்தொன்று. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற புத்தி பிறவியிலேயே வந்தது. அதனால் ஊரில் வாங்கிய அடியும் கொஞ்சநஞ்சம் இல்லை. போலீசுக்குப் போக முடியாத காரணம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கடையைத் தேடி வருவார்கள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் கூனி உட்கார்ந்திருந்த உடையப்பனிடமும் அப்படி ஒரு காரணம் இருந்தது. அந்த வண்டியில் வியாபாரம் செய்ய அவரிடம் லைசென்ஸ் கிடையாது.

அறுபத்து மூன்று வயது உடையப்பனைத் தெரியாத தமிழ்க்காரன் அந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, இருபத்தாறு வருஷம் மீனா பஜார் கடை ஒன்றில் பெட்டி கட்டினார். ஊருக்கு லீவில் போகிறவன் வாங்கிக் குவித்த சோப்பு, செண்டு, பால் பவுடர், டார்ச் லைட் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்கி, நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, நடுவில் ஒரு முடிச்சுப் போடுவார். உடையப்பன் கட்டு என்றே அதற்குப் பேர். கத்தி வைத்து அறுத்தால் ஒழிய அது அவிழ்ந்ததாகத் தகவல் இல்லை.

ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்குப் போகவில்லை. மனைவி பிரபாவதியை இங்கே வரவழைத்தார். பழைய கோஸ்டர் மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டில் போட்டார். அன்றிலிருந்து ஐந்து வருஷமாக, புருஷனும் பெண்டாட்டியும் அந்த பஸ்ஸிலேயே குடியிருந்து, சார்ஜா, அஜ்மான், ராசல் கைமா என்று தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் கேம்பாகப் போய், லீவுக்குப் போகிறவர்களுக்குச் சாமான் விற்று, அங்கேயே பெட்டியும் கட்டிக் கொடுத்தார்கள். ஆட்கள் அதற்கு லீவு வண்டி என்று பேர் வைத்தார்கள். இப்போது பிரபாவதியின் விசா முடிகிறது. இருவருக்கும் வெள்ளிக்கிழமை விமானம் என்று உடையப்பன் சொல்லியிருந்தார். வண்டியை அஜ்மான் மீன் வியாபாரி ஒருவருக்குப் பேசி முடித்தாயிற்று, நாளைக் காலை சாவி கொடுக்க வேண்டும். சாவி இருக்கிறது, வண்டிதான் இல்லை.

"அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் சாதிக். "திங்கக்கிழம காலைல ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனீங்க."

"ஆமா பாய். அவ சோமவாரம் தவற விடமாட்டா. அர மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பாத்தா மைதானத்துல வண்டியக் காணோம்."

"தரையில கண்ணாடித் தூள் ஏதும்?"

"ஒண்ணும் இல்ல. மடக்கு நாற்காலி கெடந்துச்சு. என் பிரஷர் மாத்திர ஒரு பையில கம்பத்துல தொங்குச்சு. அப்புறம் இது." மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் கையாலேயே கட்டிய பெட்டி. மேலே கறுப்பு மார்க்கரில் பிரபாவதி, சிவகங்கை, திருச்சி ஏர்போர்ட் என்று பட்டை பட்டையாக எழுதியிருந்தது. நடுவில் அந்தப் பேர்பெற்ற முடிச்சு, வால் நுனி இடது பக்கம் பார்த்து மடங்கியிருந்தது.

"அக்கா எப்படி இருக்காங்க?"

உடையப்பன் தலை குனிந்தார். "கராமால தெரிஞ்ச குடும்பத்து வீட்டுல விட்டிருக்கேன். அங்க ஆம்பள தங்க முடியாது. நான் இருக்கற பேச்சிலர் ரூம்ல பொம்பள தங்க முடியாது. மூணு நாளா போன்லதான் பேச்சு. பழையபடி ஆயிருச்சு பாய்."

பழையபடி என்று அவர் சொன்னது சாதிக்குக்கு எங்கேயோ போய்க் குத்தியது. அவருடைய வீட்டுக்காரி உம்மு சல்மா கீழக்கரையில் இருக்கிறாள். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குக் போன் கார்டு போட்டுப் பேசுவார். என்ன சமைத்தாய், மழை உண்டா, கரண்டு பில் கட்டியாச்சா என்று மூன்று கேள்வி. இருபத்து நாலு வருஷமாக அதே மூன்று கேள்விதான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நாகவள்ளி வந்தாள்.

நாகவள்ளி தூத்துக்குடிக்காரி, நாற்பத்திரண்டு வயது. ஆறு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். இந்தக் கடையில் அவளுக்கு டைப்பிங் வேலை, டிரைவர் வேலை, முதலாளியை மட்டம் தட்டுகிற வேலை, மூன்றும் உண்டு. சாதிக் பாட்ஷா டிரைவிங் டெஸ்டில் எட்டு தடவை தோற்றவர் என்பதால் இரண்டாவது வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மூன்றாவதை அவளாக எடுத்துக்கொண்டாள்.

"பாய், திருடனப் பத்தித் தகவல் வந்திருக்கு. ரொம்ப நல்ல திருடன்."

"சொல்லுங்கம்மா."

"உம்முல் குவைன் கேம்ப்ல நேத்து சாயங்காலம் லீவு வண்டி வந்துச்சாம். பாலகுருன்னு ஒரு ஆளு. நாளைக்கு ஊருக்குப் போறாரு. அவருக்குப் போர்வ, பால் பவுடர் எல்லாம் வித்து, பெட்டியும் கட்டிக் குடுத்திருக்கு. வண்டியத் திருடினவன் வியாபாரத்தையும் விடாம பாக்கறான்."

உடையப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். "பெட்டியா? யாரு கட்டினா?"

"அதான் பாக்கப் போறோம்," என்று சாதிக் எழுந்தார். "நீங்க இங்கயே இருங்கண்ணே. மீன்காரரு போன் பண்ணா, நாளைக்குக் கண்டிப்பா வந்துரும்னு சொல்லுங்க."

*

எமிரேட்ஸ் ரோட்டில் கார் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி வெயில் அவ்வளவு மோசமில்லை. இரண்டு பக்கமும் மணல், நடுவில் கட்டி முடிக்காத கட்டடங்கள், அவற்றின் உச்சியில் எறும்பு எறும்பாக ஆட்கள்.

"பாய், நான் ஒண்ணு சொல்லவா? பெரியவரே ஒளிச்சு வச்சுட்டாரு."

"காரணம்?"

"கண்ணாடி உடையல. அப்ப சாவி போட்டு எடுத்திருக்கான். சாவி யாருகிட்ட இருக்கு? நூத்தியிருவது போர்வையத் தூக்கிட்டுப் போறவன், பிரஷர் மாத்திரைய மட்டும் நனையாம பையில போட்டு கம்பத்துல மாட்டிட்டா போவான்? எனக்கு வாய்ச்சவன் கூட அவ்வளவு அக்கறையா இருந்ததில்ல. இந்தத் திருடனுக்குக் கல்யாணம் ஆகலன்னா சொல்லுங்க, பேசி முடிச்சிரலாம்."

"எதுக்கு அவரே ஒளிக்கணும்?"

"விக்க மனசில்லாம இருக்கும். மீன்காரன்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு, மாத்திப் பேச முடியல. காணோம்னு சொல்லிட்டா பிரச்ன தீர்ந்துச்சுல்ல."

சாதிக்கும் அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த மனிதர் பழையபடி ஆயிருச்சு என்று சொன்னபோது குரல் உடைந்தது நடிப்பில்லை. அப்படி நடிக்கத் தெரிந்தவர் கயிறும் அட்டையுமாக இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

"சரி, முடிச்சப் பாப்போம். உடையப்பன் கட்டு உலகத்துல ஒருத்தருக்குத்தான் வரும்."

"அவரு கட்டாவே இருந்துட்டா?"

"அப்ப நீங்க ஜெயிச்சீங்க."

"ஜெயிச்சா நீங்க ஒம்பதாவது தடவ டெஸ்ட்டுக்குப் போகக் கூடாது. எனக்கு வேலை போயிரும்."

*

கேம்ப்பில் பாதி அறைகள் பூட்டியிருந்தன. பகல் டியூட்டி ஆட்கள் சைட்டுக்குப் போயாயிற்று. பாலகுருவின் அறையில் மட்டும் நாலு பேர் இருந்தார்கள். பாலகுரு லீவுக்காரர் என்பதால் புதுச் சட்டையில் இருந்தார். மற்ற மூவரும் நைட் டியூட்டி முடித்தவர்கள். அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே, தரையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது பெட்டி.

சாதிக் குனிந்து பார்த்தார். குறுக்கும் நெடுக்கும் அதே இழுப்பு, நடுவில் அதே முடிச்சு. விரலால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை.

"ஒம்பதாவது டெஸ்ட் கேன்சல்," என்று முணுமுணுத்தாள் நாகவள்ளி.

"தம்பி, இதை யாரு கட்டுனது?"

பாலகுரு புதுச் சட்டைப் பொத்தானைத் திருகினார். "வண்டிக்காரரு சார்."

"எப்பவும் வர்ற பெரியவரா?"

"இல்ல சார். இது வேற ஆளு. நல்ல உயரம். பாகிஸ்தான் பட்டாணி. தாடி வச்சிருந்தாரு."

கீழ்க் கட்டிலில் சாய்ந்திருந்தவர் அதே நேரம் வாயைத் திறந்தார். "குள்ளமா ஒரு மலையாளி சார். மீசை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து மூன்றாவது குரல் வந்தது. "ரெண்டு பேரும் வந்தாங்க சார்."

நாகவள்ளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாதிக்குக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். திருடனுக்குப் பயந்து பொய் சொல்கிறவன் ஒரே பொய்யைப் பேசிவைத்துச் சொல்வான். இவர்கள் பேசிவைக்கவில்லை, ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்து யாரையோ மறைக்கப் பார்க்கிறார்கள். யாரிடமோ நிறைய அன்பு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"டீ குடிங்க சார்," என்று பேச்சை மாற்றினார் பாலகுரு. நாலாவது ஆள் வெளியே போய், இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார்.

சாதிக் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியை மறுபடி பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று இடித்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி ஒரு உறுத்தல். சுவரில் ஆணியடித்து ஒரு சவரக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். தற்செயலாகத்தான் அதைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பெட்டி தெரிந்தது. கடை மூலையில் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிற அதே பெட்டி, அதே முடிச்சு, இடது பக்கம் மடங்கிய அதே வால்.

தரையில் இருந்த நிஜப் பெட்டியில் வால் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாகவள்ளிம்மா, இங்க வாங்க. பெட்டியப் பாருங்க. இப்பக் கண்ணாடியில பாருங்க."

அவள் இரண்டு தடவை பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "திரும்பி இருக்கு. கண்ணாடி பாத்தா கட்டினான்?"

"ஒருத்தர் கட்டறத எதிர்ல உக்காந்து பாத்துக் கத்துக்கிட்டா இப்படித்தான் வரும். அவரு வலது கை ஓடின பக்கம், பாக்கறவங்களுக்கு எடது கை. பெட்டி கட்டும்போது எதிர்ப்பக்கம் உக்காந்து அழுத்திப் பிடிக்கறது யாரு? அஞ்சு வருஷமா ஒரே ஆளுதான்."

பாலகுரு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அம்மா பாவம் சார்," என்றார் மெல்ல. "கேக்காதீங்க. எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது."

"தெரியும் தம்பி. இது கேம்ப் மெஸ் டம்ளர் இல்ல." சாதிக் எவர்சில்வர் டம்ளரைத் திருப்பிக் காட்டினார். விளிம்புக்குக் கீழே பொடி எழுத்தில் பிரபாவதி என்று பேர் வெட்டியிருந்தது. "நம்ம ஊரு பொம்பளைங்க பேரு வெட்டாம ஒரு கரண்டி கூட வச்சிருக்க மாட்டாங்க. டீ இன்னும் சுடுது. அப்படின்னா ரொம்ப தூரத்துலயும் இல்ல."

*

கேம்ப்புக்குப் பின்னால் தண்ணி லாரிகள் நிற்கிற மைதானம். இரண்டு பெரிய டேங்கர்களுக்கு நடுவே, சேலைக் கொசுவம் செருகின மாதிரி, லீவு வண்டியை இடுக்கி நிறுத்தியிருந்தார்கள். வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி. வண்டிக்கு முன்னால் நின்ற டேங்கர் டிரைவர் அம்மையப்பன் இவர்களைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"வழி விடுப்பா அம்மையப்பா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "டம்ளர்ல டீ குடுக்கும்போதே நெனச்சேன்."

பிரபாவதி அம்மாள் மெலிந்த உடம்பு, ஐம்பத்தெட்டு வயது. அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பயமோ வெட்கமோ முகத்தில் இல்லை. திங்கட்கிழமை கோயிலுக்குப் போகும்போது மாற்றுச் சாவியை அம்மையப்பனிடம் கொடுத்ததையும், மாத்திரைப் பையைக் கம்பத்தில் மாட்டச் சொன்னதையும், கராமாவிலிருந்து தினமும் அவருடைய லாரியில் வந்துபோனதையும் சந்தைக்குப் போய்வந்த கணக்காகச் சொன்னார்.

"வண்டிய ஒளிச்சீங்க, சரி. வியாபாரம் எதுக்குக்கா?" என்று கேட்டாள் நாகவள்ளி.

"அந்தப் புள்ள நாளைக்கு ஊருக்குப் போவுது. நாலு வருஷம் கழிச்சுப் போவுது. அது கைய வீசிட்டா போவும்?"

சாதிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அக்கா, வண்டி மேல ஆச இருக்கும். புரியுது. ஆனா வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் ஊருக்குப் போறீங்க. அங்க வீடு இருக்கு. இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

பிரபாவதி அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க கடையில ஒரு பெட்டி இருக்குதா?"

"இருக்குக்கா."

"எத்தன பெட்டி?"

"ஒண்ணு..." என்று சொல்லி வாயை மூடுவதற்குள் சாதிக்குக்கு உறைத்தது. மூன்று நாளாகக் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. முடிச்சைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், பேரைக் கூடப் படித்தார். எண்ணிப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டி என்பது இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். வெறுங்கையோடு ஊருக்குப் போகிறவன் கிடையாது. அதிலும் ஊருக்கே பெட்டி கட்டிய மனுஷன், தனக்கு ஒன்று கட்டிக்கொள்ளாமலா போவார்?

"அண்ணன் ஊருக்கு வரல," என்றார் சாதிக்.

"வரல. ரெண்டு பேருக்கும் டிக்கெட்டுன்னு வாயால சொன்னாரு. கையி வேற சொல்லிருச்சு. ஞாயித்துக்கிழம என் பேருல ஒரு பெட்டி கட்டினாரு. நான் எதிர்ல உக்காந்து பிடிச்சுக்கிட்டே இருந்தேன், அடுத்ததுக்கு அட்டைய எடுப்பாருன்னு. கயித்தச் சுருட்டி உள்ள வச்சுட்டாரு." அவர் முந்தானையால் கட்டிலின் தூசியைத் துடைத்தார். "அம்மையப்பனை விசாரிக்கச் சொன்னேன். ஓமான்ல, சோஹார்ல ஒரு குடோன்ல பெட்டி கட்ட ஆளு வேணுமாம். அடுத்த வாரம் டியூட்டில சேர்றாராம்."

நாகவள்ளி கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு தம்பி. புள்ள இல்ல. இவரு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வருவாரு. அவரோட குரலு எனக்குப் பழகறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும். நான் அவரோட குடும்பம் நடத்தினது இந்த வண்டியில அஞ்சு வருஷம், அவ்வளவுதான். அந்த வீட்டுல மறுபடியும் நான் ஒத்தயில உக்கார மாட்டேன். என்னால முடியாது." குரல் உயரவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது. "வண்டி கெடைக்கலன்னா மீன்காரன்ட்ட குடுக்க முடியாது. வண்டியக் குடுக்காம என்னய ஊருக்கு அனுப்ப மாட்டாரு. வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

சாதிக் வண்டிக்குள் பார்த்தார். இரண்டு தட்டு, இரண்டு தலையணை, கண்ணாடிச் சட்டத்தில் செருகிய ஒரு சீப்பு. பர் துபாயில் அவருடைய அறையில் எல்லாம் ஒவ்வொன்றுதான் இருக்கிறது.

"நாகவள்ளிம்மா," என்றார். "அக்காவக் கார்ல ஏத்துங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்."

"ஒரு காலிப் பெட்டியும் கயிறும் எடுத்துக்கறேன்," என்று எழுந்தார் பிரபாவதி.

*

மாலை மஃரிப் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் கடைக்குத் திரும்பினார்கள். பிரபாவதியைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, சாதிக்கும் நாகவள்ளியும் மட்டும் உள்ளே போனார்கள். உடையப்பன் அதே நாற்காலியில் அதே கூனலோடு இருந்தார்.

"வண்டி கெடச்சுதா பாய்?"

"இல்லண்ணே. ஒரு உயரமான பட்டாணி எடுத்துட்டுப் போயிட்டான். தாடி வச்சிருக்கான்."

"கூட ஒரு குள்ளமான மலையாளி," என்றாள் நாகவள்ளி. "மீசை."

உடையப்பன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் கதவு திறந்தது. காரில் காத்திருக்கிற பொறுமை அவ்வளவுதான் போலிருக்கிறது. மடக்கிய அட்டைப்பெட்டியும் கயிறுமாகப் பிரபாவதி உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல், தரையில் பெட்டியை விரித்து நிமிர்த்தி, தன் பேர் எழுதின பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உக்காருங்க."

"எதுக்கு இது?"

"உங்க பெட்டி. கட்டுங்க. ஆளுக்கு ஒண்ணுதானே கணக்கு?"

உடையப்பனின் முகம் வெளுத்தது. மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், எதிரே காலியாக இருந்ததைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் பிறத்தியார் பெட்டியை எண்ணிக் கட்டியவர், தன் வீட்டுப் பெட்டியில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு மாசத்துல வந்துருவேன் பிரபா. சோஹார்ல..."

"அந்த ரெண்டு மாசத்த நான் நெறயப் பாத்தாச்சு."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு பேசியது பிரபாவதியிடமா, பெட்டியிடமா என்று தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு. ஊருல எனக்கு யாரத் தெரியும்? லீவுல போனா முப்பது நாளும் வாங்க வாங்கம்பாங்க. முப்பத்தியொண்ணாவது நாளு எப்ப கெளம்பறீங்கன்னு கேப்பாங்க. நான் அங்க விருந்தாளி பிரபா. முப்பத்தியொண்ணாவது நாளு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியாது. இங்க இருந்தா கயிறாவது இருக்கும்."

"விருந்தாளியாவே வாங்க," என்றார் பிரபாவதி. "நான் சோறு போடறேன். முப்பத்தியொண்ணாவது நாளும் போடறேன். யாராவது எப்ப கெளம்பறீங்கன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

உடையப்பன் கயிற்றை எடுத்தார். ஒரு சுற்று இழுத்தார், அடுத்த சுற்று நழுவியது. மறுபடி இழுத்தார். ஆயிரக்கணக்கில் பெட்டி கட்டிய கைக்கு அன்றைக்கு ஒரு காலிப் பெட்டி கட்ட வரவில்லை. பிரபாவதி கயிற்று முனையை அவர் விரலிலிருந்து வாங்கினார். தன் பக்கத்திலிருந்தே குறுக்கே இழுத்து, நெடுக்கே இழுத்து, நடுவில் ஒரே அழுத்தாக முடிச்சைப் போட்டார்.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். தொழில்காரக் கண்ணுக்குத் தப்பவில்லை. "திரும்பி இருக்கு."

"எதிர்ல உக்காந்து பாத்தது எதிர்ல உக்காந்த மாதிரிதான் வரும். அவுத்துக் கட்டவா?"

"வேணாம்," என்றார் உடையப்பன். அந்த முடிச்சின் மேல் கையை வைத்து அப்படியே உட்கார்ந்துகொண்டார். அழுகிறாரா என்று பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

நாகவள்ளி மார்க்கரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, போனோடு வாசலுக்கு வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "டிராவல்ஸ்ல கேக்கறேன் பாய், வெள்ளிக்கிழம இன்னொரு சீட் இருக்கான்னு. இல்லன்னா நான் யாரையாவது எறக்கிவிடறேன். வண்டிய நாளைக்கு அம்மையப்பன் கொண்டாந்து விட்ருவாரு."

"சரிம்மா."

"நீங்க எங்க போறீங்க?"

"இப்ப வந்துடறேன்."

சந்து முனைக் கடையில் சாதிக் பாட்ஷா ஒரு போன் கார்டு வாங்கினார். நாணயத்தால் சுரண்டி, நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார். நாலாவது மணியில் உம்மு சல்மா எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "என்னங்க, இன்னைக்குப் புதன்கிழமைதானே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" என்று கேட்டாள். குரலில் பயம் இன்னும் போகவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் அவர் சும்மா கூப்பிட்டது கிடையாது.

என்ன சமைத்தாய் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் நிறுத்திக்கொண்டார். மழை பற்றியும் கரண்டு பில் பற்றியும் கேட்கவில்லை. வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கார்டில் இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி இருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.